பின்னணி வெட்டியவள்

எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ‘உடம்புகள்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பட்டுச்சேலை கட்டிய உடம்பு நாலைந்து, கோட் போட்ட உடம்பு மூன்று, வேட்டி சால்வையோடு கைகூப்பி நிற்கும் உடம்பு ஒன்று. எதற்கும் தலை கிடையாது. தேயிலைத் தோட்டங்களில் யாராவது தவறிவிட்டால் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அடையாள அட்டைப் படத்தோடுதான் வருவார்கள். அந்தத் தலையை வெட்டி ஒரு பட்டுச்சேலைக்கு மேல் ஒட்டிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஒரு திருப்தி. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த அந்தக் கடையில் நான் வேலை பார்த்த இரண்டரை வருடத்தில் எத்தனை அம்மாமார்களுக்குப் பட்டுக் கட்டிவிட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பக்கத்து மேசையில் வேலை பார்த்த அவள் ஒருத்திக்குக்கூடக் கட்டிவிட்டதில்லை. தலை ஒட்டச் சொல்லி யாராவது வந்தால் முகத்தைச் சுளிக்கமாட்டாள், உபதேசமும் செய்யமாட்டாள். “அவங்க இப்பிடித்தான் இருந்தாங்களா?” என்று மட்டும் கேட்பாள். வந்தவர் அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார். பிறகு அந்த வேலை என் மேசைக்கு நகர்ந்து வரும். நான் ஒட்டிக் கொடுப்பேன்.

அவளுக்கு என் வயதுதான். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம். எனக்கு ஆறு மாதம் முந்திக் கடையில் சேர்ந்தவள். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுத வேண்டிய இடம் ஒன்று இருந்தது, அங்கே நான் எழுதவில்லை. இப்போது இங்கே எழுதி நல்ல பிள்ளையாகிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவளிடம் எதைக் கேட்டாலும் அளந்து வைத்ததுபோல் பதில் வரும். தேத்தண்ணி எப்படி என்றால், “சீனி கூட. ஆனா குடிக்கலாம்” என்பாள். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிற வாடிக்கையாளரிடம் ஊரில் எல்லோரும் சொல்வதுபோல் ‘அஞ்சு நிமிஷம்’ என்று சொல்ல அவளுக்கு வராது. முப்பத்தைந்து நிமிஷம் ஆகும், கீழே போய் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்பாள். அவர் ரொட்டி சாப்பிட்டுவிட்டு ஏறி வரும்போது வேலை முடிந்திருக்கும். என் புதுச் சுடிதார் எப்படி என்று ஒருமுறை கேட்டேன். அதோடு அவளிடம் அப்படிக் கேட்பதையே விட்டுவிட்டேன்.

கடை முதலாளியை நாங்கள் நானா என்போம். நல்ல மனிதர், கத்துவார், ஆனால் கத்தி முடித்ததும் மறந்துவிடுவார். ஒரு தடவை கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மாப்பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய அண்ணன் பெயர் அச்சாகிப் போனது. அண்ணனுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். பெண் வீட்டார் கடைக்கே வந்து நின்றார்கள். நானா எங்கள் இருவரையும் கூப்பிட்டு, “இது ஆரு செஞ்ச வேல புள்ள?” என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவள், “பேர அடிச்சது நான். சரிபாத்தது அவ” என்றாள்.

இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம். அவளுக்கு அந்த ஆத்திரம் விளங்கவே இல்லை. தன் பிழையைத்தானே முதலில் சொன்னாள்? மூன்றாம் நாள் அவளே வந்து, நான் ஏன் பேசுவதில்லை என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். தலைவலி என்றேன்.

அதற்குப் பிறகுதான் நானா அந்தத் துண்டுச் சீட்டு முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஓடருக்கும் பின்னால் ஒரு சீட்டைக் குத்த வேண்டும். எழுத்து அடித்தது யார், படம் செய்தது யார், சரிபார்த்தது யார். பிழை வந்தால் யாரை ஏசுவது என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. நான் அதில் முதலெழுத்தை மட்டும் கிறுக்கிவிட்டுப் போவேன். அவளோ அதை ஏதோ தனக்காகவே கண்டுபிடித்ததுபோல் நிரப்பத் தொடங்கினாள். ‘எழுத்து: நான். பூ: இணையத்தில் எடுத்தது. நிறம்: வந்த அக்கா சொன்னது, என் விருப்பம் இல்லை.’ நானா அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

இனி அந்தப் பேனரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லிந்துலைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். செருப்பெல்லாம் சேறு. அம்மாவின் அடையாள அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வாசலுக்கு அருகே என் மேசைதான் என்பதால் என்னிடம்தான் வந்தார். நான் ‘உடம்புகள்’ ஃபோல்டரைத் திறந்து, பச்சைச் சேலையா மெரூன் சேலையா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையிலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணே, அம்மா பட்டு கட்டுவாங்களா?”

கல்யாணத்துக்குக் கட்டியதாகச் சொல்வார்கள், அவர் பார்த்ததில்லை என்றார். வேறு படம் ஏதும் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். அவர் தயங்கித் தயங்கித் தொலைபேசியை எடுத்தார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், முறைக்காகக் காத்து நிற்கும்போது எடுத்த படம். தோளுக்கு நழுவிய தலைத்துணி, இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கு, பின்னால் ஒரே சாக்குக் குவியல். அந்த அம்மா யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றிக்கு மேலே, அந்தக் காலத்துக் கொழுந்துக் கூடைக்கயிறு இழுத்து இழுத்து முடி மெலிந்த தடம்கூடத் தெரிந்தது.

“இது வேணாங்க, வேலையில எடுத்தது. ஆளுங்க பாப்பாங்க” என்றார் மகன்.

“ஆளுங்க அவங்கள தெனமும் இப்பிடித்தானே பாத்தாங்க?” என்றாள் அவள்.

அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா எப்படிப் பேசுவாங்க, உங்களுக்கு ஞாபகம் வர்ற மாதிரி ஏதாவது சொல்வாங்களா என்று. காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் புறப்படும்போது வாசலில் நின்று ‘அடுப்பப் பாத்துக்க’ என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். வீட்டில் கேஸ் வாங்கிய பிறகும் அதையே சொல்வார்களாம். சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

பேனரில் இடது பக்கம் அந்தச் சிரித்த முகம். மீதி இடம் பூராவும் வெறுமை. விடியற்காலைப் பனி மாதிரி ஒரு வெளிர் நிறம். அதன் நடுவில் ‘அடுப்பப் பாத்துக்க’ என்று அந்த ஒரே வரி. பெயரும் தேதியும் கீழே சிறிதாக. மாலை இல்லை, விளக்கு இல்லை, பறக்கிற புறா இல்லை. ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்தே காணோமே என்று நானா பதறினார். தோட்டத்துப் பாதை திரும்பும் இடத்தில் அதைக் கட்டினார்கள். காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று மகன் தொலைபேசியில் சொன்னார். அந்த மாதத்திலிருந்து ‘அடுப்பு பேனர் மாதிரி’ வேண்டும் என்று கேட்டுக் கடைக்கு ஆள் வரத் தொடங்கியது.

அதில் என் வேலையும் ஒன்று உண்டு. அந்த முகத்தைச் சாக்குக் குவியலிலிருந்து பிரித்தெடுத்தது நான். வெள்ளைமுடி, பின்னால் வெள்ளைச் சாக்கு. இழை இழையாக வெட்ட வேண்டும். இரண்டு மணி நேரம், பகல் சாப்பாட்டையும் விட்டுவிட்டுச் செய்தேன். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி, அதைப் பொய்யில்லாமல் சொல்லலாம். வழக்கமாக நான் வெட்டிக் கொடுத்தால் அவள் திரைக்கு அருகில் குனிந்து, பேனா மூடியால் தொட்டு, “இங்க” என்பாள். மயிரிழை மிச்சமிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அன்று நெடுநேரம் பார்த்தாள். பிறகு, “நல்லா வந்திருக்கு” என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

கொழும்பில் ஒரு வடிவமைப்பு நிறுவனம் தமிழ் தெரிந்த ஒருவரை வேலைக்குத் தேடுகிற விளம்பரத்தை முதலில் பார்த்தவளும் அவள்தான். பார்த்ததும் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். வேறு யாராக இருந்தாலும் ஒளித்து வைத்திருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் ஒளித்திருப்பேன். ஒரே ஓர் இடம். பத்து வேலைகள் கொண்ட போர்ட்ஃபோலியோவும் ஒரு பக்கத்தில் சி.வி.யும் கேட்டிருந்தார்கள். அவள் அம்மா இன்னும் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார், முழங்கால் வீங்கிப் போய். இந்த வேலை கிடைத்தால் அம்மாவை நிறுத்திவிடுவேன் என்று அவள் சொன்னாள். என் வீடு வட்டவளையில். எங்களுக்கும் கஷ்டம்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. இதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடையில் ஆள் இல்லாத நேரங்களில் இருவரும் சேர்ந்து வீடியோக்கள் பார்த்துத் தயாரானோம். மிகச் சிறந்ததை முதல் பக்கத்தில் போடு, அதற்கு அடுத்ததைக் கடைசியில் போடு, சுமாரானதைத் தூக்கி எறி, ஒவ்வொன்றிலும் உன் பங்கு என்ன என்று சொல் என்றார்கள். மற்றதையெல்லாம் நான் குறித்துக்கொண்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் குறித்துக்கொண்டாள்.

என் சி.வி.யில் திறமைகளுக்கு அழகான பட்டைகள் போட்டிருந்தேன். போட்டோஷொப் தொண்ணூறு வீதம். அவள் எட்டிப் பார்த்து, “மிச்சம் பத்து வீதம் எது?” என்று கேட்டாள். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுடையதில் பட்டையே கிடையாது. ‘ஆங்கிலம்: வாசிப்பேன், எழுதுவேன், பேசும்போது பயப்படுவேன். சிங்களம்: நன்றாகப் பேசுவேன், வாசிக்க நேரம் எடுக்கும்.’ எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற மாதிரி நான் முகவரிக்கு டவுன் கடையைப் போட்டிருந்தேன். தோட்டத்து முகவரிக்கு வருகிற கடிதம் ஆபீசில் கிடந்து காய்ந்துதான் கைக்கு வரும். அதோடு, கொழும்பில் லயத்து வரிசை வீட்டு முகவரியைப் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் உண்டு. அவள் தோட்டத்தின் பெயர், மேற்பிரிவு, லயம், காம்பரா நம்பர் வரை எழுதியிருந்தாள். அதையாவது மாற்று என்றேன். “நான் அங்கதானே இருக்கேன்” என்றாள்.

எனக்கு ஒன்பது வேலைகள் தேறின. டியூஷன் போஸ்டர், பிறந்தநாள் பேனர், கோயில் திருவிழா நோட்டீஸ். எல்லாம் சுத்தமான வேலைதான், ஆனால் முதல் பக்கத்தில் தூக்கிப் போட ஒன்றும் இல்லை. விண்ணப்பம் முடிகிற வாரம், சும்மா கேட்பதுபோல், அடுப்பு பேனரைப் போடப் போகிறாயா என்று அவளிடம் கேட்டேன். போடமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன் என்றாள். அது ஒரு வீட்டுச் சாவு, அந்த அண்ணனைக் கேட்காமல் எப்படிப் போடுவது என்றாள்.

அவள் போடப் போவதில்லை. அது மட்டும்தான் என் காதில் விழுந்தது. யாரும் போடாமல் வீணாகப் போகிற ஒன்றை நான் போட்டால் என்ன, முகத்தை வெட்டியது நான்தானே, அது இல்லாமல் பேனரே இல்லையே என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அதை முதல் பக்கத்தில் வைத்து, ‘கருத்து, வடிவமைப்பு’ என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். வேறொருத்தி உடம்பில் என் தலையை ஒட்டினேன். அந்த வேலைதான் எனக்கு நன்றாகப் பழகியிருந்ததே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறி லிந்துலைக்குப் போய், சந்தியிலிருந்து நடந்தே தோட்டத்துக்கு ஏறி, அந்த மகனைக் கேட்டிருக்கிறாள். அவர் தாராளமாகப் போடுங்க என்றிருக்கிறார். திங்கட்கிழமை வந்து இதைச் சொன்னபோது அவளும் அனுப்பி முடித்திருந்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நல்லது என்றேன்.

நேர்முகத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்ட பெண்மணி முதல் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். இந்த ஒன்றுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டோம் என்றார். பிறகு, “இது இன்னொராள் அனுப்பினதிலயும் சின்னதா பார்த்த மாதிரி இருக்கே. ரெண்டு பேரும் ஒரே கடையா?” என்று கேட்டார். குவிந்து வந்தவற்றைச் சிறு சிறு படங்களாக ஓட்டிப் பார்த்தார்களாம். முழுதாகத் திறந்து படித்தது சிலதைத்தான்.

“ஆமாங்க, ஒரே கடைதான்” என்றேன். “எல்லா ஃபைலும் பொதுவாத்தான் கெடக்கும். யாரும் எடுத்துப் போட்டுக்கலாம்.”

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அவளிடமிருந்து கற்றுக்கொண்டது போல அளந்து சொன்ன உண்மை. அந்தப் பெண்மணி ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அவ்வளவுதான், அவளுடைய வேலை அங்கே முடிந்துபோனது. வாய் கூசவில்லையா என்று கேட்டால், கூசியது, ஆனாலும் சொன்னேன்.

நான் கொழும்புக்குப் புறப்பட்ட காலையில் அவள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். வழியில் சாப்பிட ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். “எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சந்தான்” என்றாள். தன்னுடைய வேலைகள் பத்தவில்லை போலிருக்கிறது என்றாள். எங்கே பத்தவில்லை என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம், அதற்காகத்தான் கேட்கிறேன் என்று ஆரம்பித்து, முதல் பக்கத்தில் என்ன போட்டாய் என்று கேட்டாள்.

கோயில் நோட்டீஸ் என்றேன்.

அவள் யோசித்தாள். “அது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மொதப் பக்கத்துக்குப் பத்தாதே” என்றாள். என்னை ஒரு கணம் பார்த்தாள். கண்டக்டர் ஏறச் சொன்னார், ஏறிவிட்டேன். நல்ல வேளை என்று அப்போது நினைத்தேன். கினிகத்தேனை டவுனைத் தாண்டும்வரை அந்த ரொட்டிப் பொட்டலத்தை என்னால் பிரிக்க முடியவில்லை.

இதற்கு ஒரு வருடம் கழித்து, அலுவலகத்தில் சேர்ந்துபோயிருந்த பழைய விண்ணப்பங்களை அழித்துச் சுத்தம் செய்யும் வேலை, எல்லோரிலும் இளையவள் என்பதால், என்னிடம் வந்தது. அவளுடைய ஃபைல் அதற்குள் இருந்தது. திறக்காமல் அழித்துவிட முடியும். ஆனாலும் திறந்தேன்.

முதல் ஒன்பது பக்கங்களிலும் அந்தத் துண்டுச் சீட்டு மாதிரியேதான். எது தன்னுடையது, எது இல்லை என்று ஆங்கிலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல் நேர் நேராக. கடைசிப் பக்கத்தில் பேனர். அதன் கீழே இப்படி எழுதியிருந்தாள்:

‘சொல்: இறந்த அம்மாவுடையது. சொன்னவர்: அவருடைய மகன். படமும் அவர் எடுத்தது. அனுமதி கேட்டேன், தந்தார். வடிவமைப்பு: நான். பின்னணியை வெட்டியது:’ என்று போட்டு என் முழுப்பெயர், இனிஷியலோடு. ‘இரண்டு மணி நேரம். சாப்பிடவில்லை. தலைமுடி ஓரங்களைப் பாருங்கள். என்னால் இப்படி வெட்ட முடியாது. இவரும் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறார்.’

பக்கத்து மேசையில் யாரோ தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். எந்த இடத்தில் நான் அவளை இல்லாமல் ஆக்கினேனோ, அதே இடத்தில் அவள் எனக்காகச் சிபாரிசு எழுதி வைத்திருந்தாள். செத்துப்போகலாம் போலிருந்தது.

பாருங்கள் என்று எழுதியிருக்கிறாளே என்று படத்தைப் பெரிதாக்கி அந்த ஓரங்களைப் பார்த்தேன். நன்றாகத்தான் வெட்டியிருந்தேன். இடது காதுக்குப் பின்னால் மட்டும், முடியோடு முடியாக, ஒரு சாக்கு நூல் வெட்டுப்படாமல் நின்றது. அன்று அவள் அவ்வளவு நேரம் பார்த்தாளே, அந்தக் கண்ணுக்கு அது தப்பியிருக்காது. பசியோடு இருந்த என்னிடம் அவள் ‘இங்க’ என்று சொல்லவில்லை. இந்தச் சீட்டிலும் அதை எழுதவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதாமல் அவள் விட்டது, எனக்குத் தெரிந்து, இந்த ஒன்றைத்தான்.

அந்த ஃபைலை நான் அழிக்கவில்லை. அவள் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறாள், அவள் அம்மா இன்னும் மலைக்குப் போகிறார். வேறு வேலைக்கு விண்ணப்பித்தாயா என்று போன தீபாவளிக்குக் கேட்டேன். இன்னும் பத்தவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன் என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை.